மாளிகையில் இன்னொரு யன்னல்

ஓட்டையைக் கண்டவுடன் அடைக்க ஓடாதீர்கள். தாள் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான். பசை காய்ச்சுவதும் தாள் கழுவுவதும் உங்களுக்கு ஏற்கனவே படிப்பித்திருப்பார்கள். அதையே நானும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எனக்குக் கோபம் வரும், ஓய்வு பெற்ற பிறகும் இந்த மனிசி வந்து கத்துகிறாளே என்று தேநீர் கொண்டுவருபவரும் சிரிப்பார். ஆகவே ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் கை வைத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதை நமது கட்டடத்துக்குள் ஒருநாளும் கொண்டுவர முடியவில்லை.

ஐரோப்பிய அரசர்களின் மாளிகைகளையும் தோட்டங்களையும் செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கையால் வர்ணம் பூசி விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் படங்களைப் பெட்டிக்குள் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகச் சந்தைகளில் வேடிக்கை காட்டினார்கள். சிலர் படத்தில் யன்னலும் விளக்கும் உள்ள இடங்களில் ஊசியால் குத்தி, பின்னால் ஒரு விளக்கை வைத்தார்கள். பகலில் நின்ற மாளிகை அப்போது இரவு மாளிகையாக மாறி, யன்னல்கள் எல்லாம் ஒளி விடும். பார்த்தால் பெரியவர்களும் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட படம் ஒன்று ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டில் இருப்பதாகவும், கிழியப் பார்க்கிறது, யாராவது வந்து பார்க்க முடியுமா என்றும் நமது அலுவலகத்துக்கு ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். படத்தைக் கொண்டு வாருங்கள் என்றோம். "படம் வீட்டை விட்டு வெளியில வராது" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அந்தக் குரல் பிடித்துப் போயிற்று. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. பையில் தூரிகைகளையும் ஜப்பான் தாளையும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, அல்லைப்பிட்டி கடந்து போய் இறங்கினேன்.

தொலைபேசியில் பேசியவள் ரெஜினாக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய கத்தோலிக்கக் குடும்பம். வளவுக்குள் இன்னும் ஒரு வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. அவளுடைய தகப்பனார் வள்ளம் கட்டுவதில் பேர்போனவராம். படத்தைக் கொண்டு வந்தவர் அவருக்கும் மூத்த ஒரு பாட்டன். பாய்க்கப்பலில் போய் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கினார் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் வேறொன்றும் தெரியாது.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மின்விசிறியை நிற்பாட்டி, படத்தை வைத்தாள். நான் அரண்மனைப் படங்கள் எவ்வளவோ பார்த்தவள். ஆனால் இதைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீண்ட மாளிகை, மூன்று மாடி. அதன் முன்னால் கத்தரித்துவிட்ட பச்சை வேலிகள், நீர்ச்சுனைகள், குடை பிடித்த சீமாட்டிகள், அவர்களுக்குப் பின்னால் ஓடும் ஒரு நாய். ஒரு குடை கடுகளவுதான். அந்தக் கடுகுக்குள்ளும் சிவப்பு வர்ணம் கோட்டுக்கு வெளியே போகாமல் நின்றது. வர்ணம் பூசியவர்கள் கூலிக்கு இருந்தவர்கள். அந்த மாளிகை வாசலைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கையை எடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

ரெஜினாக்கா அறை யன்னலைச் சாத்தி, படத்துக்குப் பின்னால் ஒரு கைவிளக்கைப் பிடித்தாள். மாளிகையில் வெளிச்சம் வந்தது. ஆனால் எல்லா யன்னலிலும் இல்லை. மேல்மாடி முழுக்க, நடுமாடி முழுக்க, கீழ்மாடியில் முக்கால்வாசி. மிச்சம் இருட்டு.

"மிச்சம் ஏன் குத்தேல்லை?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆக்கள் பிறக்கேல்லையே" என்றாள்.

அந்தக் குடும்பத்து வழக்கத்தை அப்போதுதான் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் பெற்ற அன்று பொழுதுபட, படத்துக்குப் பின்னால் விளக்கு வைப்பார்கள். வீட்டில் பிறந்த பெண்களில் மூத்தவள் பாய் தைக்கிற ஊசியை எடுத்து, வரிசையில் அடுத்த யன்னலைக் குத்துவாள். அதற்குப் பிறகு அது அந்தப் பிள்ளையின் யன்னல். செத்தாலும் அவருடையதுதான். மேல்மாடியில் இடதுபக்கம் முதலாவது, படத்தைக் கொண்டுவந்த கப்பலோட்டியின் மூத்த மகளுடையது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது படத்தை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுபோனதால் நடுவில் சிலுவை போல மடிப்பு விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் படம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று தீர்மானமாம்.

"ஞாயிற்றுக்கிழமை என்ர பேத்திக்கு ஞானஸ்நானம். மகன் பிரான்சில இருந்து பிள்ளையோட வந்து நிக்கிறான். இது இன்னுமொரு ஊசி தாங்குமோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

இதுதான் கேள்வி. நான் போய் இறங்கியது வியாழக்கிழமை.

தாங்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பச்சை வர்ணம் செம்பில் இருந்து எடுத்தது. பார்க்க அழகு, ஆனால் வருடம் போகப் போகத் தாளைத் தின்னும். வரிசைப்படி குத்த வேண்டிய அடுத்த யன்னல் அந்தப் பச்சை வேலிக்கு நேர் மேலே இருந்தது. தாள் அங்கே மண்ணிறமாகி நொறுங்கத் தயாராக நின்றது. ஒரு ஊசி இறங்கினால் போதும், குத்திய யன்னல்கள் வழியே தபால் முத்திரை கிழிப்பதுபோலக் கீழ்மாடி முழுவதும் பிளந்துவிடும். பின்னால் தாள் ஒட்டிப் பலப்படுத்தலாம். ஆனால் ஈரம் பட்டால் அந்தப் பச்சை ஊறி, மாளிகைச் சுவர் மேல் ஏறும். ஏறினால் பிறகு இறக்க முடியாது.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து நமது பிரிவின் பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "மிஸ், நல்ல பிரதி ஒன்று எடுத்து அவர்களிடம் கொடுங்கள். அதில் எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடட்டும். மூலத்தில் ஊசி படக் கூடாது." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் பரீட்சையில் அப்படி எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

பிரதியைப் பற்றி ரெஜினாக்காவின் மகன் அன்ரனிடம்தான் முதலில் சொன்னேன். பிரான்சில் சாப்பாட்டுக் கடையொன்றில் சமைக்கிறவன், நல்ல பகிடிக்காரன்.

"அன்ரி, அந்தப் பெரிய மாளிகையளில ஒண்டை நான் நேர போய்ப் பாத்தனான். யன்னல் இதைவிடக் கூட. ஆனா எங்கட ஆக்கள் ஒருத்தரும் அதில இல்லை. நீங்கள் சொல்லுற பிரதியும் அப்பிடித்தான்" என்றான்.

பிரதிப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் படத்தை மறுபடி விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நடுமாடி முழுவதும் ஒளி என்று முதலில் நினைத்தேன் அல்லவா? முழுவதும் இல்லை. மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் இருட்டாக இருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தால், குத்திய யன்னலுக்குப் பின்னால் நகத்தளவு மண்ணிறத் தாள் ஒன்றை யாரோ ஒட்டியிருந்தார்கள். பச்சையில் இருந்து தூரம், ஒட்டுத்தாள் வேறு இருக்கிறது, படத்திலேயே பலமான இடம் அதுதான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"ரெஜினாக்கா, வழி கிடைச்சிட்டுது! இந்த யன்னல் வீணாத்தானே கிடக்குது. இதைப் பிள்ளைக்குக் குடுங்கோ. ஊசி இறங்கினாலும் ஒண்டும் ஆகாது" என்றேன்.

அன்ரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். ரெஜினாக்கா குசினி வாசலிலேயே நின்றாள்.

"அது வீணாக் கிடக்கிற இடமில்லை. ஆள் இருக்கிற இடம்."

பிறகு சொன்னாள். அது அவளுடைய தமக்கை திரேசாவின் யன்னல். திரேசா நயினாதீவில் ஒரு சைவப் பெடியனை விரும்பி, படகேறிப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டவள். அன்றைக்கே தகப்பனார் படத்தை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த யன்னலை மூடிவிட்டார். இந்த வாசற்படியை அவள் இனி மிதிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவர் செத்து எத்தனையோ வருடமாயிற்று. சகோதரிகள் இரண்டு பேரும் வேலணைச் சந்தையில் கண்டால் கதைப்பார்களாம், மீன்கூட மாற்றிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வா என்று இவள் கூப்பிடவில்லை, வரட்டா என்று அவள் கேட்கவும் இல்லை. நயினாதீவில் இருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் கடலைக் கடக்க ஒருவராலும் முடியவில்லை.

"ஐயா பூட்டினதை நான் எப்பிடித் திறக்கிறது?" என்றாள். "அவருக்குக் கோவம் வந்தா வந்ததுதான். சாகும்வரை அக்கான்ர பேரை வாயால சொல்லேல்லை."

சனிக்கிழமை காலையில் அவள் முகம் வீங்கிப்போய் இருந்தது. தேநீரை என் முன்னால் வைத்தாள்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. அந்த யன்னலைப் பேத்திக்குக் குடுப்பம். அக்காவுக்கு இனி என்னத்துக்கு? அவ வரவும் போறதில்லை, நான் கூப்பிடவும் போறதில்லை. படமாவது கிழியாம இருக்கட்டும்."

என் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டாள். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. படத்தைக் காப்பாற்ற வந்தவள், இருக்கிற ஒரு மனிசியை அந்த வீட்டில் இருந்து ஒரேயடியாக அழிக்க வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திரேசாவுக்கு அந்த மாளிகையில் இடமே இராது. அதைச் செய்யப் போவது கோபக்காரத் தகப்பன் அல்ல, என் புத்தி.

ஆனாலும் வேலை வேலைதானே. ஊசி இறங்குவதற்கு முன்னால் அந்த ஒட்டு எதனால் ஒட்டியது என்று தெரிய வேண்டும். இதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். வள்ளம் கட்டுகிற வீட்டில் ஒட்டுகிற சாமானுக்குப் பஞ்சமில்லை. பலகை இடுக்குகளை அடைக்க எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் இருக்கும். கடல் தண்ணீரில் கிடந்தாலும் விடாது. தார் போன்ற கீல் இருக்கும். மரவேலைக்கு வச்சிரப் பசை இருக்கும். அந்த மனிதர் கோபத்தில் கை நீட்டி எதை எடுத்திருந்தாலும் அந்த யன்னல் முடிந்தது. நானல்ல, யாராலும் திறக்க முடியாது. ஒட்டின் ஓரத்தை இலேசாகச் சுரண்டினேன். வெள்ளையாகப் பொடி விழுந்தது. குங்கிலியமோ கீலோ என்றால் அப்படி விழாது.

"ரெஜினாக்கா, புண்ணுக்குப் போடுற அயடீன் வீட்டில இருக்கோ?"

கொண்டுவந்தாள். பொடியை ஒரு பீங்கான் கோப்பை மூடியில் போட்டு, அயடீன் ஒரு துளி விட்டேன். கறுநீலமாக மாறியது. அரிசிக் கஞ்சி.

"இதென்ன?" என்றாள்.

"ஐயா இதைக் கஞ்சியால ஒட்டியிருக்கிறார். சோத்துக் கஞ்சி."

"அதுக்கென்ன?"

"வீட்டில குங்கிலியம் இருக்கேல்லையோ?"

"ஏன் இல்லை? பின் கொட்டில் முழுக்க அதுதான். அந்த மணத்துக்குள்ளதான் நாங்கள் வளந்தனாங்கள்."

"கொட்டில் முழுக்கக் குங்கிலியத்தை வைச்சுக்கொண்டு, குசினிக்குப் போய்க் கஞ்சி எடுத்து ஒட்டினவர். குங்கிலியம் எண்டா ஒருநாளும் விடாது எண்டு வள்ளம் கட்டுறவருக்குத் தெரியாதோ? கஞ்சி, ஈரத்துணியை ஒருக்கா வைச்சாக் கழண்டு போகும். இது பூட்டினதில்லை, ரெஜினாக்கா. சாத்தி வைச்சது."

அவள் அந்தக் கோப்பை மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அன்ரன்! மோட்டச் சைக்கிளை எடு. குறிகட்டுவானுக்குப் போய் அடுத்த படகைப் பிடி. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் சொன்னனான் எண்டு சொல்லு."

தாளைப் பார்த்துத் தகப்பனின் மனதைச் சொல்ல நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அவர் ஏன் கஞ்சி எடுத்தார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கைக்கு எட்டியது அதுவாக இருக்கலாம். ஆனால் குசினி எங்கே, கொட்டில் எங்கே என்று அந்த வீட்டில் நடந்து பார்த்தேன். படம் இருந்த அறைக்குக் கொட்டில்தான் கிட்ட.

இப்போது சிக்கல் முழுவதும் என் தலையில். திரேசாவின் யன்னல் திரேசாவுக்கு. அப்படியானால் பிள்ளைக்கு? வரிசைப்படி பச்சை வேலிக்கு மேலேதான். வேறு வழி இல்லை. பெரியவருக்கு நான் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், சொல்ல வேண்டியதும் அதுதான். பசையை வழக்கத்தை விடக் கெட்டியாக, கிட்டத்தட்ட ஈரமே இல்லாமல் குழைத்து, முடியைவிட மெல்லிய ஜப்பான் தாளை யன்னலளவு வெட்டி, அந்த யன்னலுக்குப் பின்னால் தூரிகை நுனியால் வைத்து, மேலே ஒற்றுத்தாளும் ஒரு கல்லும் வைத்துவிட்டு, முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். பச்சை ஊறுகிறதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் இதுவரை எந்தப் படத்துக்கும் நேர்ந்ததில்லை. அன்றைக்கு நயினாதீவு அம்மனுக்கும் நேர்ந்தேன், அந்த வீட்டு அந்தோனியாருக்கும் நேர்ந்தேன். யார் கேட்டார்களோ தெரியாது, கல்லை எடுத்துப் பார்த்தபோது பச்சை தன் வேலிக்குள்ளேயே நின்றது.

அன்ரன் சனிக்கிழமை தனியாகத் திரும்பி வந்தான்.

"பெரியம்மா கேட்டா, 'அம்மா கூப்பிட்டவவோ, நீயாக் கூப்பிடுறியோ' எண்டு. 'அம்மாதான்' எண்டு சொன்னன். வாறன் எண்டு சொல்லேல்லை. தேத்தண்ணி மட்டும் தந்தவ."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது, விருந்து நடந்தது, பின்னேரம் ஆனது. உறவினர் எல்லோரும் அறைக்குள் நெருக்கி நின்றார்கள். படத்தைச் சட்டத்தில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைக்கப் போகும்போது வெளிப் படலை திறந்த சத்தம் கேட்டது. நெற்றியில் திருநீறு, கையில் ஓலைக் குட்டானில் பனங்கட்டி. திரேசா வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, உள்ள வாங்கோ" என்றாள் ரெஜினாக்கா.

திரேசா படியைப் பார்த்தாள். ரெஜினாக்கா போய்க் கையைப் பிடித்து இழுத்தே கொண்டுவந்தாள்.

நான் ஈரத் தூரிகையை அந்த ஒட்டில் வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, இடுக்கியால் தூக்கினேன். ஒரு நாரைக்கூட இழுக்காமல் முழுதாகக் கழன்று வந்தது. விளக்கைப் போட்டோம். நடுமாடியில் இருட்டு இல்லை. அன்ரனின் பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக் கையை நீட்டியது.

ரெஜினாக்கா பாய் ஊசியை எடுத்தாள். இவ்வளவு காலமும் அந்த வீட்டில் ஊசி பிடித்தவள் அவள்தான். தமக்கையின் கையில் அதை வைத்தாள்.

"மூத்தவ நீங்கள் இருக்க நான் குத்தக் கூடாது."

"நான் ஒருநாளும் குத்தினதில்லையடி."

"அதுக்கென்ன? மெதுவாக் குத்துங்கோ."

ஒருநாளும் இந்த ஊசி பிடிக்காத கை, குத்துவதோ நான் முந்தின நாள்தான் ஒட்டிய தாளில். பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை செய்தவள், ஒரு பழம்படத்தை ஓட்டையாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊசி இறங்கியது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தாள் பிடித்துக்கொண்டது. பச்சை வேலிக்கு மேலே புதிதாக ஒரு யன்னல் ஒளி விட்டது. அதைவிட அழகான வேலை என் கையால் நடந்ததில்லை என்று இங்கே உங்கள் முன்னால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

எல்லோரும் கேக் வெட்டப் போன பிறகு என் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரேசா வந்து பக்கத்தில் நின்றாள். கழற்றிய ஒட்டு மேசையில் கிடந்தது. அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயா இதை எதால ஒட்டினவர் எண்டு தங்கச்சி சொன்னவள். நீரும் ஒருக்காச் சொல்லும், பிள்ளை."

"கஞ்சியால, அக்கா. சோத்துக் கஞ்சி."

தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"திரும்ப ஒருக்காச் சொல்லும்" என்றாள்.